டாலர் கணக்கா, டாலர் ரேட்டா: சிறு ஏற்றுமதியாளரும் இஇஎஃப்சியும்

வாசகர் கேள்வி: 11 நவம்பர் 2025

திருப்பூரில் சின்ன யூனிட். வாங்குபவர்கள் இரண்டே பேர், இருவருக்கும் பில் டாலரில்தான். மாதம் சுமார் 10,000 டாலர் வரும். ஜிப், லேபிள் எல்லாம் ஹாங்காங்கிலிருந்து இறக்குகிறோம், அதற்கு மாதம் 4,000 டாலர் போகும். வங்கி மேலாளர் "இஇஎஃப்சி கணக்கு திறந்துடுங்க சார், டாலரை டாலராவே வச்சுக்கலாம்" என்கிறார். ஆடிட்டர் "எதுக்கு வீண் வேலை" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எந்த வங்கியில் எடுப்பது?

12 நவம்பர், காலை

இரண்டு பேரும் பாதி சரி.

இஇஎஃப்சி என்பது அந்நியச் செலாவணி சம்பாதிப்பவர் அதை ரூபாய் ஆக்காமல் வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் நடப்புக் கணக்கு. கம்பெனி, பங்குதாரர் நிறுவனம், தனி ஆள் யாரும் திறக்கலாம். வரவில் நூற்றுக்கு நூறும் போடலாம். வட்டி ஒரு பைசா கிடையாது. ஏற்றுமதி வரவும் சேவைக் கட்டணமும் முன்பணமும் உள்ளே போகலாம். வெளிநாட்டுக் கடனாகவோ முதலீடாகவோ வந்த பணம் போகக் கூடாது. மாப்பிள்ளை துபாயிலிருந்து தொழிலுக்கு அனுப்பினார் என்று இதில் போட முடியாது.

முக்கியமான கட்டு ஒன்று உண்டு. ஒரு மாதத்தில் உள்ளே வந்த தொகையில் செலவு போக மிச்சத்தை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றியாக வேண்டும். முன்பேர ஒப்பந்தத்துக்கு (பின்னொரு நாள் மாற்றும் விலையை இப்போதே பேசி வைப்பது) ஒதுக்கியது மட்டும் விலக்கு. "டாலரை டாலராவே வச்சுக்கலாம்" என்று மேலாளர் சொன்னதில் இந்த வரி விட்டுப்போயிருக்கிறது.

டாலரில் செலவு இருந்தால் கணக்கு வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். உங்களுக்கு 4,000 டாலர் செலவு இருக்கிறது, அதனால் வேண்டும். கூடவே, பில் போட்ட சரக்குக்கு ஒன்பது மாதத்துக்குள் பணம் வந்து சேர வேண்டும் என்ற விதி தனியாக இருக்கிறது. அதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

12 நவம்பர், இரவு

காலையில் எழுதியதை எண் வைத்துப் பார்த்தேன். கதை கொஞ்சம் மாறுகிறது.

கணக்கு எளிதாக இருக்க இன்டர்பேங்க் ரேட், அதாவது வங்கிகள் தங்களுக்குள் டாலர் மாற்றும் விலை, 90.00 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வங்கியின் கார்டு ரேட்டில் (வாடிக்கையாளருக்கு அன்றன்று அறிவிக்கும் விலைப் பலகை) வாங்கும் விலை 89.30, விற்கும் விலை 90.70. இரு பக்கமும் 70 பைசா.

இஇஎஃப்சி இல்லாமல்: 10,000 டாலரை விற்கிறீர்கள், 4,000 டாலரைத் திரும்ப வாங்குகிறீர்கள். 14,000 டாலருக்கு 70 பைசா வீதம் 9,800 ரூபாய் வங்கிக்குப் போகிறது.

இஇஎஃப்சி இருந்தால்: 4,000 டாலர் மாற்றப்படாமல் நிற்கிறது. 6,000 டாலர் மட்டும் மாறுகிறது, 4,200 ரூபாய். ஆனால் மாற்றாமல் வரவு வைப்பதற்கு வங்கி 'கமிஷன் இன் லியூ ஆஃப் எக்சேஞ்ச்' என்று ஒன்று பிடிக்கும். மாற்றியிருந்தால் கிடைத்திருக்கும் லாபத்துக்குப் பதில் கமிஷன், பெயரிலேயே ஒளிவுமறைவு இல்லை! உள்ளே வரும்போது 0.10 சதவீதம், வெளியே போகும்போது 0.10 சதவீதம் என்று வைத்தால் 4,000 டாலருக்கு 720 ரூபாய். மொத்தம் 4,920. மிச்சம் 4,880.

இப்போது கணக்கே திறக்காமல், வங்கியிடம் பேசி மார்ஜினை 70 பைசாவிலிருந்து 15 பைசாவுக்கு இறக்கினால்? 14,000 டாலருக்கு 2,100 ரூபாய். மிச்சம் 7,700.

இரண்டையும் செய்தால் 6,000 டாலருக்கு 900, கமிஷன் 720, ஆக 1,620. மிச்சம் 8,180.

ஆகப் பேரம் முடிந்த பிறகு இஇஎஃப்சி கூடுதலாகத் தருவது 480 ரூபாய். ஆடிட்டர் சொன்ன "வீண் வேலை" இங்கேதான் பாதி உண்மை ஆகிறது. எந்தக் கணக்கு என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை பைசா என்று கேட்க வேண்டும்.

13 நவம்பர்

ஜிஎஸ்டியை விட்டுவிட்டேன்.

நாணய மாற்றுக்கு ஜிஎஸ்டி முழுத் தொகை மேல் அல்ல, விதி 32 சொல்லும் ஒரு கற்பனை மதிப்பின் மேல். 1 லட்சம் வரை 1 சதவீதம், குறைந்தது 250 ரூபாய். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 1,000 ரூபாயும் மிஞ்சியதில் 0.5 சதவீதமும். அதற்கு மேல் 5,500 ரூபாயும் மிஞ்சியதில் 0.10 சதவீதமும், உச்சம் 60,000. வரும் மதிப்பில் 18 சதவீதம்.

மேலே உள்ள உதாரணத்தில், 10,000 டாலரை 89.30க்கு விற்றால் 8,93,000 ரூபாய். மதிப்பு 4,965, வரி 893.70. பிறகு 4,000 டாலரை 90.70க்கு வாங்கினால் இன்னொரு 416.52. இஇஎஃப்சியில் 6,000 மட்டும் மாற்றினால் 572.22தான். வித்தியாசம் 738 ரூபாய்.

துண்டு துண்டாக மாற்றுபவர்கள் கவனிக்க: ஒவ்வொரு மாற்றுக்கும் முதல் அடுக்கிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கும். 10 லட்சத்தை ஒரே தடவையில் மாற்றினால் வரி 990. ஒரு லட்சமாகப் பத்துத் தடவை மாற்றினால் 1,800.

14 நவம்பர்

"அந்த 738 செலவே இல்லையே, உள்ளீட்டு வரியாக எடுத்து, நாம் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரிதான், அது வெறும் பண ஓட்டம். ஆனால் வங்கியில் உங்கள் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருந்தால்தான் உங்கள் பக்கத்தில் வந்து விழும். பல நடப்புக் கணக்குகளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். போய்ப் பாருங்கள்.

17 நவம்பர்

திருத்தம். 12ஆம் தேதி ஒன்பது மாதம் என்று எழுதியிருந்தேன். மை காய்வதற்குள் ரிசர்வ் வங்கி அதை 15 மாதம் ஆக்கிவிட்டது. முன்பணம் வாங்கினால் சரக்கு அனுப்பக் கொடுக்கும் அவகாசமும் ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது. இஇஎஃப்சியின் மாதக்கடைசி விதி இதனால் மாறவில்லை.

19 நவம்பர்

"மார்ஜினைக் குறைக்கச் சொன்னால் கிளையில் சிரிக்கிறார்கள்."

சிரிக்கத்தான் செய்வார்கள். கிளை மேலாளர் கையில் ரேட் இல்லை. கார்டு ரேட் என்பது காலையில் தலைமை அலுவலகம் அச்சடித்து அனுப்பும் பலகை, நாள் முழுக்க சந்தை ஆடினாலும் நட்டம் வராத அளவுக்கு அகலமாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் பேச வேண்டியது டிரஷரி டீலரிடம், வங்கியின் நாணயப் பிரிவில் விலை சொல்பவர் அவர்தான். கிளை வழியாக அவர் போன் எண்ணை வாங்கி, உங்கள் நிறுவனத்தை அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

போன் செய்யும் நேரம்: ரூபாய்-டாலர் இன்டர்பேங்க் சந்தை காலை 9 முதல் 3:30 வரை. பத்தரைக்கு மேல் மூன்றுக்குள் கூப்பிடுவது நல்லது. "என்ன ரேட் தருவீங்க" என்று கேட்காதீர்கள். "இன்டர்பேங்க் இப்போ எவ்வளவு, அதுல உங்க மார்ஜின் எத்தனை பைசா" என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். பிரித்துக் கேட்கும் ஆளுக்கும் மொத்தமாகக் கேட்கும் ஆளுக்கும் வேறு வேறு விலை. ஒத்துக்கொண்ட பைசாவை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டீலர் மாறினால் மார்ஜின் 'மறந்து' போகும்.

திரையில் தெரிவது ஸ்பாட் ரேட், இரண்டு வேலைநாள் கழித்துக் கைமாறும் பணத்துக்கு. உங்களுக்கு இன்றே ரூபாய் வேண்டும் என்றால் அது கேஷ் ரேட், சில பைசா குறைவாக இருக்கும். டீலர் அதைச் சொன்னால் ஏமாற்று அல்ல. அந்தச் சில பைசா இருபது முப்பது ஆனால் அப்போது கேளுங்கள்.

வேறு வழி, கிளியரிங் கார்ப்பரேஷன் 2019 ஆகஸ்டில் தொடங்கிய எஃப்எக்ஸ்-ரீடெய்ல் தளம். உங்கள் வங்கி மூலமே பதிவு. சந்தை விலையில் மாற்றி, வங்கிக்கு முன்கூட்டிப் பேசிய கட்டணம் மட்டும் கொடுக்கலாம். எல்லா வங்கியும் ஆர்வமாகச் சேர்த்துவிடாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் பெயரைச் சொன்ன உடனே டீலரின் மார்ஜின் இறங்கும். அந்த வகையில் பதிவு செய்யாதவருக்கும் பயன்தான்.

கார்டு ரேட் பலகையில் டிடி பையிங் என்ற வரியைப் பாருங்கள். அதற்குக் கீழே பில் பையிங், கரன்சி பையிங் என்று இன்னும் மோசமான விலைகள் இருக்கும். கம்பிவழி வந்த பணத்துக்கு டிடிதான் போட வேண்டும், பில் ரேட் போட்டிருந்தால் சண்டை போடலாம். இந்த டிடி டிமாண்ட் டிராஃப்ட் அல்ல, டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர். 2013லேயே நாட்டில் தந்தியை மூடியாயிற்று, வங்கி ரேட் பலகையில் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.

24 நவம்பர்

"10,000 டாலர் பில், வந்தது 9,972. மீதி எங்கே?"

வழியில் உட்கார்ந்திருக்கும் இடை வங்கி எடுத்திருக்கும். வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஸ்விஃப்ட் செய்தியில் செலவு யார் தலையில் என்று ஒரு குறி இருக்கும், 'ஷா' (SHA) என்றால் அவரவர் பக்கச் செலவு அவரவருக்கு, 'பென்' (BEN) என்றால் பணம் பெறுபவர், 'அவர்' (OUR) என்றால் அனுப்புகிறவர். தமிழில் படித்தாலும் பொருள் சரியாகவே வருகிறது: அவரே கட்டட்டும். பில்லின் அடியில் "எல்லா வங்கிச் செலவும் அனுப்புபவர் பொறுப்பு" என்று ஒரு வரி போடுங்கள். அதற்கும் மேல், உங்கள் வங்கிக்கு டாலர் நாஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு வங்கியில் அது வைத்திருக்கும் கணக்கு) எந்த வங்கியில் இருக்கிறது என்று கேட்டு, அதன் விவரத்தையும் பில்லில் அச்சடியுங்கள். அனுப்புகிறவரின் வங்கி நேராக அங்கே அனுப்பினால் கை மாறுவது ஒன்று குறையும்.

கணக்கு எடுக்கும் வங்கியைத் தேர்வு செய்ய இது நல்ல கேள்வி. நாஸ்ட்ரோ விவரத்தை ஐந்து நிமிடத்தில் கொடுக்கும் கிளை அந்நியச் செலாவணி தெரிந்த கிளை. "அதெல்லாம் தேவையில்லை சார், ஸ்விஃப்ட் கோடு போதும்" என்றால் அடுத்த கிளைக்குப் போங்கள். எல்லாக் கிளையும் இந்த வேலை பார்ப்பதில்லை. வெறும் தபால்பெட்டியாக இருந்து வேறு ஊர் மையத்துக்குக் காகிதத்தை அனுப்பும் கிளைகள் நிறைய.

பணம் வழியில் நின்றுவிட்டால் "எம்டி103 (பணம் அனுப்பிய ஸ்விஃப்ட் செய்தி) நகல் அனுப்புங்கள்" என்று கேட்பது வழக்கம். எல்லை தாண்டும் பணத்துக்கு அந்த வடிவத்தின் காலம் இந்த 22ஆம் தேதியோடு முடிந்தது, இனி பேக்ஸ்.008 என்ற புது வடிவம். குறிகளும் மாறுகின்றன, 'அவர்' போய் 'டெட்' வந்திருக்கிறது, ஜோக் போச்சு. ஆனால் யூஇடிஆர் என்ற 36 எழுத்து எண் அப்படியே இருக்கிறது. அதைக் கேளுங்கள். அது இருந்தால் பணம் எந்த வங்கியில் படுத்திருக்கிறது என்று உங்கள் வங்கியே பார்த்துச் சொல்லும்.

26 நவம்பர்

அக்டோபர் வரவை இஇஎஃப்சியில் வைத்திருப்பவர்கள் உடனே பார்க்கவும். கடைசி நாள் 30, ஞாயிறு. 29 சனிக்கிழமை வங்கி திறந்திருந்தாலும் நாணயச் சந்தை மூடியிருக்கும். நடைமுறையில் கடைசி நாள் 28 வெள்ளி.

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கணினி தானாக மாற்றிவிடும். எந்த ரேட்டில்? கார்டு ரேட்டில். பேசி வைத்த 15 பைசா அந்தத் தானியங்கிக்குத் தெரியாது. இஇஎஃப்சி வைத்திருப்பவர்கள் பணத்தை விடும் இடம் பெரும்பாலும் இதுதான். மாதக் கடைசிக்கு மூன்று வேலைநாள் முன்னால் போனில் ஒரு நினைவூட்டல் வைத்து, நீங்களே டீலரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, அவகாசம் எல்லாப் பணத்துக்கும் ஒரே அளவல்ல. அக்டோபர் 1ஆம் தேதி வந்த டாலருக்கும் 31ஆம் தேதி வந்த டாலருக்கும் கெடு ஒன்றே. முதலாவதுக்கு 60 நாள், இரண்டாவதுக்கு 30. பணம் 30, 31 தேதிகளில் வந்து விழும் பழக்கம் இருந்தால், வாங்குபவரிடம் ஓரிரு நாள் தள்ளி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நாளுக்கு ஒரு மாதம் கூலி.

இந்த விதி 2012ல் வந்தது. அந்த மே மாதம் ரூபாய் சரிந்தபோது, இஇஎஃப்சி இருப்பில் பாதியை இரண்டு வாரத்துக்குள் மாற்று என்று உத்தரவு போட்டார்கள். ஜூலை கடைசியில் அதைத் தளர்த்தி, முழுவதும் வைத்துக்கொள், ஆனால் அடுத்த மாதக் கடைசிக்குள் மாற்று என்றார்கள். அதுவே நின்றுவிட்டது.

4 டிசம்பர்

கணக்குக்காகச் சும்மா வைத்த 90 நிஜமாகிவிட்டது. நான் காரணமல்ல.

எதிர்பார்த்தபடி "அப்போ டாலரை மாத்தாம வச்சிருந்தா லாபம்தானே" என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். ஓடி (ஓவர்டிராஃப்ட்) வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். 6,000 டாலர், 90 வீதம் 5,40,000 ரூபாய். ஓடி வட்டி 10 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 148 ரூபாய். 45 நாள் வைத்திருந்தால் 6,657. டாலருக்கு 1 ரூபாய் 11 பைசா. 45 நாளில் டாலர் அவ்வளவு ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அதற்கு மேல் ஏறினால் லாபம். வட்டியில்லாக் கணக்கில் டாலரை வைத்துவிட்டு, பக்கத்திலேயே வட்டிக்கு ரூபாய் எடுப்பது என்பது இதுதான்.

இஇஎஃப்சி இருப்பை ஈடாகக் காட்டிக் கடனும் கேட்க முடியாது. ஒருமுறை ரூபாயாக எடுத்துவிட்டால் திரும்ப டாலராக்கி உள்ளே வைக்கவும் முடியாது. ஒருவழிப் பாதை.

பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் ஏற்றுமதிக் கடன்) எடுத்திருப்பவர்களுக்கு: வரும் பணம் முதலில் அந்தக் கடனை அடைக்கத்தான் போகும், மிச்சம்தான் உங்கள் விருப்பம். கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது முழு வரவையும் போடாதீர்கள்.

5 டிசம்பர்

நேற்று எழுதியதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. ஓடி இல்லாதவருக்கு, நடப்புக் கணக்கில் ரூபாய் சும்மா கிடப்பவருக்கு, அந்த 148 ரூபாய் கணக்கு பொருந்தாது. அவர் இழப்பது ஏதாவது டெபாசிட் வட்டி, அவ்வளவுதான்.

9 டிசம்பர்

கோவையிலிருந்து ஒரு மென்பொருள் நிறுவனம்: மாதம் 6,000 டாலர் வரவு, செலவு 900 டாலர், எல்லாம் சர்வர் வாடகை, மென்பொருள் சந்தா. இஇஎஃப்சி எடுத்தால் இதை டாலரிலேயே கட்டலாமா?

பெரும்பாலும் முடியாது, ஏமாற்றம் வருவது இங்கேதான். சந்தாக்காரர்கள் கிரெடிட் கார்டில் பிடிப்பார்கள். இஇஎஃப்சியிலிருந்து பணம் போவது கம்பிவழி, ஒவ்வொரு தடவையும் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்), பர்பஸ் கோடு (எதற்கான பணம் என்று சொல்லும் குறி), பில். வரி பக்கம் 15சிஏ, வருமான வரித் துறைக்குத் தரும் அறிவிப்பு. கட்டணம் இங்கே வரிக்குரியதாக இருந்து நிதியாண்டில் 5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் கையெழுத்தோடு 15சிபி என்ற சான்றும். அனுப்பும் கட்டணம், ஸ்விஃப்ட் கட்டணம், எதிர்ப்பக்கச் செலவு எல்லாம் சேர்த்து 40 டாலர் சந்தாவுக்கு இதைச் செய்வது பூசணிக்காய் வாங்க லாரி பிடிப்பது.

உங்களுக்கு மிச்சம் பிடிக்கும் இடம் கார்டின் மார்க்-அப், டாலரில் கட்டும்போது ரேட்டின் மேல் கூட்டும் கட்டணம். பல கார்டுகளில் அது 3.5 சதவீதம் வரை போகும், மேலே ஜிஎஸ்டி. 900 டாலருக்கு 31.50 டாலர். மார்க்-அப் குறைந்த தொழில் கார்டு ஒன்று எடுப்பது, இஇஎஃப்சி திறப்பதைவிட உங்களுக்கு நல்லது. 900ல் 700 ஒரே ஆளுக்குப் போகிறது, அவர் ஆண்டுக் கட்டணமாக மொத்தமாக வாங்கிக்கொள்வார் என்றால் அப்போது கம்பிவழி பேசலாம்.

வெளிநாட்டுச் சேவை வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜில் (விற்றவருக்குப் பதில் வாங்கியவரே) ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்பதை எந்தக் கணக்கும் மாற்றாது.

சரக்கு இறக்குபவர்களுக்குக் காகிதம் வேறு. இன்வாய்ஸ், ஏர்வே பில் அல்லது பில் ஆஃப் லேடிங் (விமானம், கப்பலில் சரக்கு ஏற்றிய ரசீது), பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறைக்குத் தரும் இறக்குமதி ஆவணம்). 15சிஏ தேவையில்லை. முன்பணம் அனுப்பினால் பில் ஆஃப் என்ட்ரியைப் பிறகு ஐடிபிஎம்எஸ்ஸில் (இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் கணினிப் பதிவு) பொருத்திவிட்டுத்தான் நிம்மதி. பொருத்தாமல் கிடந்தால் அடுத்த முன்பணத்தில் வங்கி இழுத்தடிக்கும்.

18 டிசம்பர்

"ஆன்லைன் தளங்கள் அமெரிக்கக் கணக்கு எண் தருகின்றனவே, அது போதாதா?"

வாங்கிக்கொள்ள நல்ல வசதி. வாங்குபவர் உள்ளூர்ப் பரிமாற்றமாக அனுப்புவார், இடை வங்கி வெட்டு இல்லை. ஆனால் அது உங்கள் வங்கிக் கணக்கல்ல, வழிப்போக்கு. ரிசர்வ் வங்கியின் எல்லைதாண்டிய பேமென்ட் அக்ரிகேட்டர் (இடையில் நின்று பணம் வாங்கித் தரும் நிறுவனம்) விதிக்குள் வருபவர்களிடம் ஒரு பரிவர்த்தனைக்கு 25 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. டாலரைச் சேர்த்துவைத்து ஹாங்காங்குக்கு அனுப்பும் இடமாக இதை நினைக்காதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: ரூபாயாக மாற்றும் ரேட் இன்டர்பேங்கிலிருந்து எத்தனை சதவீதம் தள்ளி, ஒவ்வொரு வரவுக்கும் எஃப்ஐஆர்ஏ (வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று) தருவார்களா. "கட்டணம் பூஜ்யம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் ரேட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவும்.

2025 ஜனவரி முதல் ஏற்றுமதியாளர் வெளிநாட்டிலேயே கணக்கு திறந்து வரவு வாங்கி, அதிலிருந்து இறக்குமதிக்குக் கட்டவும் வழி வந்திருக்கிறது. மாதம் 10,000 டாலருக்கு அந்தப் பராமரிப்புச் செலவும் காகித வேலையும் கட்டாது. விட்டுவிடுங்கள்.

6 ஜனவரி 2026

கணக்கு திறந்த திருப்பூர் நண்பரின் முதல் சிக்கல்: பணம் வந்து நாலு நாள் ஆகிறது, வரவு வைக்கவில்லை.

டிஸ்போசல் இன்ஸ்ட்ரக்ஷன், அதாவது வந்த பணத்தை என்ன செய்வது என்ற உங்கள் உத்தரவு, போயிருக்காது. இஇஎஃப்சி திறந்தால் மட்டும் டாலர் தானாக அதில் போய் உட்காராது. எந்த வரவில் எவ்வளவு இஇஎஃப்சிக்கு, எவ்வளவு ரூபாய்க்கு, எந்த பர்பஸ் கோடு, எந்த பில் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பில் பணம் என்றால் பி0102, சரக்குக்கு முன்பணம் என்றால் பி0103. இதை மாற்றிப் போட்டால் வங்கி அனுப்பும் ஐஆர்எம் (உள்ளே வந்த பணம்) தகவல் தப்பாகப் போகும், பிறகு ஷிப்பிங் பில்லோடு (சுங்கத்துறைக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம்) ஒட்டாது, டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) தளத்தில் ஈபிஆர்சி (ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான சான்று) எடுக்கும்போது முட்டும்.

நிரந்தர உத்தரவாகவே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு 40 சதவீதம் இஇஎஃப்சி, 60 சதவீதம் ரூபாய். முழுவதையும் இஇஎஃப்சியில் போட்டுப் பிறகு 6,000 எடுத்தால் சில வங்கிகள் அந்த 6,000க்கும் கமிஷன் பிடிக்கும், மேலே மாற்று மார்ஜினும் போகும். இரட்டை வெட்டு.

வழியில் வெட்டுப்பட்ட 28 டாலர் ஈடிபிஎம்எஸ்ஸில் (ஏற்றுமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் கணினிப் பதிவு) தொங்கிக்கொண்டிருக்கும். வங்கிச் செலவு என்று காட்டி மூடச் சொல்லுங்கள். சென்ற அக்டோபர் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான பில்களை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியை வைத்தே மூடலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிளையில் "தெரியாது" என்றால் சுற்றறிக்கை நாளைச் சொல்லுங்கள், 2025 அக்டோபர் 1.

20 ஜனவரி

இந்த மாத வரவுக்குக் கெடு பிப்ரவரி 28. அது நான்காவது சனி, வங்கியே விடுமுறை. 27 வெள்ளிதான் கடைசி. வியாழனன்றே முடித்துவிடுங்கள், வெள்ளி மதியம் எல்லோரும் டீலரைக் கூப்பிடுவார்கள்.

நவம்பர் 12 காலையில் "டாலரில் செலவு இல்லையென்றால் வேண்டாம்" என்று அடித்துச் சொன்னேன். இப்போது கொஞ்சம் தளர்த்துகிறேன். செலவே இல்லாதவருக்கும் ஒரு சூழ்நிலையில் பயன்: காலையில் வரும் பணத்தைக் கேட்காமல் கார்டு ரேட்டில் மாற்றிவிடும் வங்கி. அங்கே இஇஎஃப்சி ஒரு திண்ணை மாதிரி, பணம் ஒரு நாள் உட்காரும், நீங்கள் டீலரிடம் பேசி மாற்றுவீர்கள். ஆனால் ரேட் கேட்காமல் மாற்றாதே என்று எழுத்தில் ஒத்துக்கொள்ளும் வங்கி கிடைத்தால் திண்ணைக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை.

வங்கிக்குப் போகும்போது கையில் எடுத்துப்போக வேண்டிய கேள்விகளைக் கேட்டிருந்தீர்கள். இன்டர்பேங்க் மீது எத்தனை பைசா, எவ்வளவு தொகையிலிருந்து. இஇஎஃப்சி வரவுக்கும் பற்றுக்கும் தனித்தனியாகக் கமிஷன் எவ்வளவு, குறைந்தபட்சம் உண்டா (0.10 சதவீதம் என்று சொல்லிவிட்டுக் கீழே 'குறைந்தது 1,000 ரூபாய்' என்று இருக்கும், 4,000 டாலருக்கு அதுதான் பொருந்தும்). மாதக் கடைசித் தானியங்கி எந்த ரேட்டில், முன்கூட்டி எச்சரிக்கை வருமா. நாஸ்ட்ரோ எங்கே. வெளியே அனுப்ப முழுச் செலவு எவ்வளவு. காகிதம் இந்தக் கிளையிலேயே முடியுமா.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தக் குறைந்தபட்சக் கமிஷனைப் போட்டு நவம்பர் 12 கணக்கைத் திரும்பப் பாருங்கள். 720க்குப் பதில் இரு பக்கமும் சேர்த்து 2,000. பேரம் பேசிய ரேட்டில் 4,000 டாலரை விற்றுத் திரும்ப வாங்கினால் 1,200தான் ஆகும். அப்படிப்பட்ட வங்கியில் 4,000 டாலர் செலவு இருந்தும் இஇஎஃப்சி நட்டம். ஜிப், லேபிள் பணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பலாமா என்று கேட்காதீர்கள், மாதக்கடைசி விதி விடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றால் முடியும், ஹாங்காங்காரர் கடன் கொடுத்தால்.